இரண்டும் வெள்ளை

இரண்டு பொட்டலத்திலும் நாகலெட்சுமி வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை கை நடுங்கவில்லை. முடித்த பிறகுதான் நடுங்க ஆரம்பித்தது. கொஞ்சம் முன்னாலேயே நடுங்கியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பாள். அந்தப் புண்ணியம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற ஒத்தப்பாலத் தேயிலைத் தோட்டத்தில், பெண் கொடுப்பதோ மாடு வாங்குவதோ எதுவானாலும், மாரியம்மனிடம் பூக்கட்டிக் கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்புச் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, குலுக்கி, ஆத்தாள் காலடியில் வைப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது பெரிய குற்றம். அதைக் கோயிலுக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் அப்படியே விட்டுவிட வேண்டும். கட்டுவது கேட்கிற வீட்டுப் பெண், எடுப்பது யாருக்காகக் கேட்கிறார்களோ அந்த ஆள், பிரிப்பது பூசாரி. மூன்று பேர் கை பட்டால் யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாது என்று அந்தக் காலத்தில் எவனோ ஒரு புத்திசாலி யோசித்து வைத்திருக்கிறான். அவனுக்குப் பெண்சாதி இருந்திருக்க மாட்டாள்.

நாகலெட்சுமியின் புருசன் சின்னராசாவுக்கு ஐந்து மாதமாக வயிற்றில் நோவு. முதலில் சாப்பிட்டால் வலித்தது. பிறகு சாப்பிட்டதெல்லாம் அப்படியே வாந்தியாக வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு சரிவையே வெட்டிச் சாய்க்கிற ஆள், இப்போது இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரை வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தான். கஞ்சி முன்னால் இருக்கும், பசியும் இருக்கும், உள்ளே இறங்காது. நாற்பது வயதில் அவன் விலா எலும்பை நாகலெட்சுமி எண்ணிவிடலாம்.

தோட்டத்து மருந்துக் காம்பிராவில் இருந்த லியனார்ட் ஐயா சீட்டு எழுதிக்கொடுத்து டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே படம் பிடித்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இரைப்பையின் கீழ்வாசல் புண்ணாகித் தழும்பேறி மூடிக்கொண்டிருக்கிறது. வெட்டிச் சரி செய்யலாம். பிழைக்கிறவர்கள் அதிகம், ஆனால் எல்லோரும் பிழைப்பதில்லை. வெட்டாவிட்டால் பட்டினியிலேயே போய்விடுவான்.

"ஆத்தாவக் கேக்காம நான் கத்திக்குக் கீழ படுக்க மாட்டேன்" என்றான் சின்னராசா. அவனை அதற்கு மேல் அசைக்க முடியவில்லை.

நாகலெட்சுமி பக்தியில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. பதினாறு வருடம் தீச்சட்டி எடுத்தவள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் நந்தியாவட்டைச் செடிக்கு முன்னால் நின்றபோது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. சிவப்பு வந்தால் இவன் செத்துப் போவான். அதற்குப் பிறகு செவ்வரளி மரத்தடிக்கு அவள் போகவே இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருசம், ஆடி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பூசாரி ஆண்டியப்பன், பகலில் தேயிலைக்கு மண் கிளறி முள்ளுக்குத்துகிற வேலைக்காரர், சாயங்காலத்திலும் வெள்ளிக்கிழமையிலும் பூசாரி. கற்பூரம் காட்டி, பொட்டலம் இரண்டையும் குலுக்கி, ஆத்தாள் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சின்னராசா பழைய தொரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். ஒரு காலத்தில் அளவாக இருந்த கோட்டு, இப்போது அவனைப் போல் இரண்டு பேரை உள்ளே வைக்கலாம். அவன் குனிந்தான். குனிந்தவன் நிலை தடுமாறி முழங்காலில் விழுந்தான். நாகலெட்சுமி பதறிப் பிடிக்கப் போவதற்குள், "விடு, விடு" என்று கையைக் காட்டிவிட்டு, தானே ஊன்றி எழுந்து பொட்டலத்தைப் பூசாரியிடம் நீட்டினான்.

ஆண்டியப்பன் நாரை அறுத்தார். இலையைப் பிரித்தார்.

உள்ளே சிவப்புப் பூ இருந்தது.

"செவப்பு வந்திருக்கு. ஆத்தா வேணாங்குது" என்றார் பூசாரி.

நாகலெட்சுமிக்குக் காது அடைத்துக்கொண்டது. பூசாரி திருநீறு நீட்டியது தெரிந்தது, கையை நீட்டத் தோன்றவில்லை. சின்னராசாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. சாமி சொல்லுக்குத் தலை வணங்குகிறவன் முகம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாள். பூசாரி மிச்சமிருந்த பொட்டலத்தைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டார். சுழித்துக்கொண்டு ஓடிய செம்மண் தண்ணீரில் அது ஒரு நொடியில் காணாமல் போனது.

மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது அவள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவசரத்தில் பூவை மாற்றி வைத்துவிட்டோமா? எப்படி மாற்றி வைக்க முடியும்? சிவப்புப் பூவை அவள் பறிக்கவே இல்லையே! கூடையில் இருந்ததே இரண்டு பூ. இரண்டும் வெள்ளை. கட்டினது தன் கை. கோயில் வரை மடியில் வைத்துக் கொண்டுபோனதும் அவள்தான். பூசாரி குலுக்கியதைக் கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். இல்லாத பூ எங்கேயிருந்து வந்தது?

ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வந்திருக்க முடியும்.

ஆத்தாளிடமிருந்து. இத்தனை வருடம் அந்த இரண்டடிக் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள், சண்டைகூடப் போட்டிருக்கிறாள். அதற்கெல்லாம் பயந்ததில்லை. கும்பிடுவது வேறு, கும்பிட்ட சாமி திரும்பிப் பார்ப்பது வேறு. இப்போது அது திரும்பி அவளைத்தான் பார்த்திருக்கிறது. நீ வெள்ளை கட்டினால் நான் சிவப்பாக்குவேன் என்று சொல்லிவிட்டது. பனி மூட்டத்தில் பக்கத்து நிரையில் நிற்கிற பெண்கள் தெரியவில்லை. குரல் மட்டும்தான் கேட்டது. யாரோ "லெச்சுமி" என்று கூப்பிட்டபோது, கூப்பிட்டது யார் என்று கேட்கக்கூடத் தைரியம் இல்லாமல் கொழுந்தைக் கிள்ளுவதை விட்டுவிட்டு நின்றாள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து கத்திய பிறகுதான் கை ஓடியது.

அவள் என்ன செய்தாலும் பயம் விடவில்லை. உலையில் அரிசி போட்டால், இதை அவன் சாப்பிடப் போவதில்லை என்று ஆத்தாள் முடிவு செய்துவிட்டாள் என்று தோன்றும். விளக்கேற்றப் போனால், எந்த முகத்தோடு ஏற்றுகிறாய் என்று கேட்பதாகத் தோன்றும். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல், வேலை முடிந்து சாயங்கால மணி அடிப்பதற்கு முன்னால், கோயிலுக்குப் போய் ஆண்டியப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டும் வெள்ளையா? சத்தியமாவா?"

"சத்தியமாண்ணே. செவப்பு நான் பறிக்கவே இல்ல."

ஆண்டியப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முப்பது வருசமா இந்தக் கல்லுக்கு மணி அடிக்கிறேன் தாயி. ஒரு நாளும் எனக்கு எதையும் காட்டுனதில்ல. எனக்குள்ள ஒரு சந்தேகம்கூட இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லிறாத. இப்ப என் கையாலேயே பிரிச்சிருக்கேன். என் கையால!" உள்ளங்கையை விரித்து, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

"நான் என்ன செய்யணும்ணே?"

"இனி ஆஸ்பத்திரிப் பேச்ச எடுக்காத. ஒன் புருசன ஆத்தா கேக்குது."

"எதுக்குக் கேக்குது? அவரு கள்ளுத் தவறணைப் பக்கம் போனவரா? ஒருத்தர் மேல கை வச்சவரா? என்ன தப்பு பண்ணுனாரு?"

"தப்பு பண்ணுனவங்களத்தான் கேக்கும்னு ஒனக்கு யாரு சொன்னது?" என்றார் ஆண்டியப்பன். அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

நாகலெட்சுமி வீட்டுக்குத் திரும்பி வந்த வழி அவளுக்கு நினைவில்லை. தண்டனை என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். செய்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், வேண்டுதல் வைக்கலாம், மொட்டை போடலாம். சும்மா கேட்கிறது என்றால் எங்கே போய் முறையிடுவது? ஆத்தாளைப் பற்றி ஆத்தாளிடமே முறையிட முடியுமா?

எட்டாம் நாள் லியனார்ட் ஐயா தானே அவர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மருந்து மிக்சரை அளந்து ஊற்றும்போதுகூட முணுமுணுவென்று எதையாவது ஜெபிப்பவர். சின்னராசாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவன் கைத்தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின இடம் மடிந்தபடியே நின்றது.

இஸ்தோப்புக்கு வந்து அவளிடம் மெல்லச் சொன்னார்: "இன்னும் அஞ்சாறு நாள்தாம்மா. அதுக்குப் பொறவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் வெட்டமாட்டாங்க. தாங்காது. ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் ஆறுதல் சொன்னார். "கர்த்தருக்கு எல்லாத்துலயும் ஒரு திட்டம் இருக்கும்மா."

"அந்தத் திட்டத்துல எம் புருசன் கஞ்சிய முன்னுக்கு வச்சுக்கிட்டுப் பட்டினி கெடந்து சாகணும்னு இருக்கா ஐயா? இருந்தா அது நல்ல திட்டமா?"

லியனார்ட் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்" என்றார். பிறகு மழையில் குடையை விரிக்க மறந்துபோய் இறங்கி நடந்தார். அந்த மனுசன்மேல் நாகலெட்சுமிக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

மறுநாள் பகலில் சின்னராசா கோட்டின்மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். அவனுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, அவள் கோட்டைப் பீலிக்கு எடுத்துப்போனாள். துவைப்பதற்கு முன்னால் பையைத் துழாவுவது எல்லாப் பெண்களுக்கும் உள்ள பழக்கம். உள்பையின் துணி கிழிந்து, கையை விட்டால் அடித்தையல் வரைக்கும் போனது. விரலில் காய்ந்த இலைச் சருகு தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். வாழையிலைப் பொட்டலம். நார்க்கட்டு பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. மலையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை இறுக்குகிற அதே முடிச்சு. அவள் போட்ட முடிச்சு.

பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே நந்தியாவட்டை பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது.

பீலித் தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி அதில் நின்றபடியே சிரித்தாள். அப்படி ஒரு நிம்மதி. ஆத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை! முழங்காலில் விழுந்தானே, அப்போது மாற்றியிருக்கிறான் படுபாவி. ஒன்பது நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள், எல்லாம் இந்தக் கோட்டுப் பைக்காக! சிரிப்பு முடியும்போது ஆத்திரம் வந்தது. கோட்டை அங்கேயே போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள்.

"இது என்னங்க?"

சின்னராசா கண்ணைத் திறந்து அவள் உள்ளங்கையைப் பார்த்தான். திரும்பவும் மூடிக்கொண்டான். பொய் சொல்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

"நீ மலைக்குப் போயிருந்தப்ப நான் ஒண்ணு கட்டி வச்சிருந்தேன் புள்ள. செவப்பு."

"ஏன்? வேணாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா நீ விடுவியா? ஆத்தா சொன்னா விட்டுருவ." மூச்சு வாங்கினான். "எனக்குப் பயம் லெச்சுமி. எங்கண்ணனும் இந்த மாதிரி வெட்டிக்கத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்து உள்ள போனாரு. வாசல்ல நின்னு வெத்தல வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனாரு. நாந்தான் பொணத்த வாங்கிக்கிட்டு வந்தேன். வயித்துல சாக்குத் தைச்ச மாதிரி தையல். நம்ம ஒடம்ப நாம பாக்காம நாலு பேரு அறுக்கிறத நெனச்சாலே எனக்கு..." முடிக்கவில்லை.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவன்தான் கேட்டான். கேட்கும்போது அவளைப் பார்க்கவில்லை, கூரைத் தகரத்தைப் பார்த்தான். "நான் எடுத்ததுல என்ன பூ இருந்துச்சு?"

"நீங்க பிரிச்சுப் பாக்கலியா?"

"ஒம்பது நாளா பையில கெடக்கு. தொடவே பயம். வெள்ளையா இருந்துட்டா ஆத்தா போன்னு சொன்னத நான் மறைச்சதா ஆயிருமே. தூக்கிப் போடவும் பயம். சொல்லு புள்ள, என்ன பூ?"

"வெள்ளைதான்."

சின்னராசாவின் முகம் சுருங்கிப் போனது. எழுந்திருக்கப் பார்த்தான். கம்பளியைத் தள்ளினான். "அய்யோ ஆத்தா! அப்ப போகத்தான் சொல்லியிருக்கு. நான்தான் திருட்டுத்தனம் பண்ணிட்டேன். அதான் இந்த ஒம்பது நாளா வலி கூடியிருக்கு. அதான் தண்ணிகூட எறங்கல. தண்டன புள்ள, இது தண்டன. கூட்டிட்டுப் போ. இப்பவே கூட்டிட்டுப் போ. கத்தியோ கோடாலியோ, என்னத்தப் போட்டு வேணும்னாலும் வெட்டட்டும்."

நாகலெட்சுமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இதைத்தானே அவள் கேட்டாள்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இன்னொரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். சாயங்காலத்துக்குள் அவனை லொறியில் ஏற்றிவிடலாம். புத்தியுள்ள எவளும் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

ஆனால் அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, மூலையில் தொங்கிய ஆத்தாள் படத்தைப் பார்த்து நடுங்கினான். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். ஒன்பது நாள் அவளும் அதைத்தான் தின்று, அதைத்தான் குடித்து இருந்திருக்கிறாள். படுகிற வலி போதாதென்று, அந்த வலியை ஒருத்தி வேண்டுமென்றே தருகிறாள் என்று நினைப்பது எப்படிப்பட்ட நரகம் என்று அவளைத் தவிர அந்தத் தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? இதோடு இவன் கத்திக்குக் கீழே போக வேண்டுமா? போய்த் திரும்பாவிட்டால், தண்டனை பெற்றவனாகவே போகட்டுமா?

"ஏங்க, கையக் கீழ போடுங்க" என்றாள். "தண்டனையும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். ரெண்டும் வெள்ளதாங்க. நாந்தான் அப்படிக் கட்டுனேன்."

சின்னராசா கையைக் கீழே போட மறந்துபோனான்.

"நீயுமா?"

"நானுந்தான்."

"அப்ப ஆத்தா என்னதான் சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. நாம ரெண்டு பேரும் அதப் பேச விடல."

வெளியே தகரத்தில் மழை அடித்தது. ஆத்தாள் கோபப்பட்டிருந்தால் எப்படிச் சமாதானம் செய்வது என்று மனுசருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரவில்லை. பீலிக்கரையில் வந்த நிம்மதி நாகலெட்சுமியைவிட்டு எப்போதோ போயிருந்தது. அதன் இடத்தில் வந்திருந்த பயம் பழையதைவிடப் பெரிதாக இருந்தது.

"இன்னொரு தடவ ஒழுங்காக் கட்டிக் கேப்பமா?" என்றான்.

"கேட்டு செவப்பு வந்தா?"

"வெள்ள வந்தா மட்டும் நான் நம்பிருவனாக்கும்? நீ கட்டுனதாச்சே."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்து, வயிறு இழுத்து வலித்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை எடுக்காமலே கேட்டான்: "நீ என்ன சொல்ற? சாமிய விடு. பூவ விடு. நீ சொல்லு."

"போவோம்."

"செத்துட்டேன்னா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதானே அவள் ஆத்தாள் வாயில் தன் பேச்சை வைத்தாள். இப்போது நடுவில் யாரும் இல்லை. "நான் சொல்லித்தான் போனீங்கன்னு இருக்கட்டும்" என்றாள். "ஊரு கேட்டாலும் நாந்தான், கட்டிக்குடுத்த மக வந்து கேட்டாலும் நாந்தான்."

சின்னராசா யோசித்தான். "ம்" என்றான். "கோட்டு எங்க?"

டவுனில் கடை வைத்திருந்த நஸார் முதலாளியின் லொறி அரிசி இறக்க மறுநாள் காலை தோட்டத்துக்கு வந்தது. திரும்பும்போது ஏற்றிக்கொள்ளச் சொன்னதும் அவர் காரணம் கேட்கவில்லை. காலி சாக்குகளை மெத்தையாகப் போட்டுக் கொடுத்தார். கோயில் வளைவில் ஆண்டியப்பன் திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்து லொறியை மறித்தார்.

"ஆத்தா சொன்னத மீறிப் போறியே தாயி! பூவே நெறம் மாறி வந்துச்சே! என்ன நடக்குமோன்னு எனக்கு ஈரக்கொலை நடுங்குது!"

பூ நிறம் மாறவில்லை என்று சொல்ல நாகலெட்சுமி வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். முப்பது வருடம் மணி அடித்த மனுசனுக்கு ஆத்தாள் ஒரே ஒரு தடவை எதையோ காட்டியிருக்கிறாள். அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. "மன்னிச்சுக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள். அது சரியா தப்பா என்று கதை சொல்கிற எனக்கும் தெரியாது. அன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்த தைரியம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் வெட்டுவதென்று முடிவானது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பொன்னையாவுக்கும் அன்றைக்கேதான். அவர் பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வயிற்றில் கட்டி. அவர் பெண்சாதி அழகம்மா சின்ன வயசுக்காரி, வாய் ஓயாதவள். இரண்டு பெண்களும் நடையில் கிடந்த வாங்குப் பலகையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"ஏங்கா இப்படி வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு? நான் பாருங்க, எப்படி இருக்கேன். எங்க கோயில்ல பூக்கட்டிக் கேட்டோம். பளிச்சுன்னு வெள்ளப்பூ வந்துச்சு. மூணு தடவ கேட்டோங்கா, மூணு தடவையும் வெள்ள. ஆத்தாவே அனுப்பி வச்சிருக்கு, அப்பறம் எனக்கென்ன பயம்?"

நாகலெட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண்ணின்மேல் பொறாமையாக இருந்தது. தனக்கும் ஒரு வெள்ளைப்பூ உண்மையாகவே வந்திருந்தால் இப்படிக் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கலாம். அந்த மூடின கதவுக்குள் அவனை அனுப்பியது அவளுடைய வாய். அவன் உள்ளே போகும்போது கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி, "நீதான சொன்ன?" என்று கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை, நிச்சயப்படுத்திக்கொள்ளக் கேட்டான். "நாந்தான்" என்றாள். அதிலிருந்து அவள் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. முந்தானை நுனி முழுக்கக் கடித்துக் கடித்து ஈரமாகிவிட்டது.

மதியம் தாண்டி நர்சம்மா வந்து, சிங்களமும் தமிழும் கலந்து அவளிடம் சொன்னாள். சின்னராசாவுக்கு முடிந்துவிட்டது. நாடி நன்றாக இருக்கிறது. நாளைக்குக் கண் திறந்து பேசுவான். நாகலெட்சுமி எழுந்து நர்சம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழகம்மா அவளைக் கட்டிப்பிடித்து, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று அவளைவிடப் பெரிதாக அழுதாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரே வெளியே வந்தார். பொன்னையாவின் பெண்சாதி யார் என்று கேட்டார். கட்டி ஈரல் வரைக்கும் பரவியிருந்தது, ரத்தம் நிற்கவில்லை. அவரால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அழகம்மா அழவில்லை. வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமலும் துப்பாமலும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், குடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து நாகலெட்சுமி பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"ஒங்களுக்கு என்ன பூக்கா வந்துச்சு?"

நாகலெட்சுமி எதைச் சொல்வாள்? வெள்ளை என்று சொன்னால், ஆத்தாள் ஒருத்தியிடம் உண்மையும் இன்னொருத்தியிடம் பொய்யும் சொன்னாள் என்று ஆகும். சிவப்பு என்று சொன்னால், ஆத்தாள் போகாதே என்று சொன்ன ஆள் பிழைத்தான், போ என்று சொன்ன ஆள் செத்தான் என்று ஆகும். அந்தப் பெண் எதைக் கொண்டுபோனாலும், இனி அவள் ஆயுசு முழுக்க அதோடுதான் படுத்து எழுந்திருக்க வேண்டும்.

"நாங்க கேக்கலம்மா."

"கேக்காமயா?" அழகம்மாவின் கண் இப்போதுதான் அசைந்தது. "கேக்காம எப்படிக்கா வந்தீங்க? பயமா இல்லையா?"

நாகலெட்சுமி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் சில்லென்று இருந்தன.

"பயந்துகிட்டேதாம்மா வந்தோம்" என்றாள். "இன்னும் அது என்னைய விடல."